நீலமலைத் தேயிலை – அத்தியாயம் 17: கூலியும் கூரையும்

1951-ம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் 1954 ஏப்ரலில் அமலுக்கு வந்ததோடு சென்ற அத்தியாயத்தை நிறுத்தியிருந்தோம். வீடு, மருத்துவம், ஐம்பது பெண்களுக்கு மேல் வேலை செய்யும் தோட்டங்களில் பிள்ளைக் காப்பகம், நூற்றைம்பது பேருக்கு மேற்பட்டால் சிற்றுண்டிச்சாலை என்று ஒவ்வொன்றாக வகுத்துக்கொண்டு போன அந்தச் சட்டம், தன் பதினேழாவது பிரிவில் குடையையும் கம்பளியையும் மழைக்கோட்டையும் கூட மறவாமல் குறித்திருந்தது என்பதை வாசகர்கள் நினைவுகூர்வார்கள். குளிர்காலத்துக்கு முன் பங்களா வராந்தாவில் வரிசையாக நிற்கவைத்துத் துரை தம் கையால் எடுத்துக் கொடுத்த, கொடுத்ததற்காக ஒவ்வொருவரும் குனிந்து கும்பிட்டு வாங்கிய கம்பளி, இனி எவருடைய தயவும் அன்று, கேட்டுப் பெறத்தக்க பாத்தியதை என்று ஏட்டளவிலேனும் ஆனது. அந்த மாற்றத்தின் கனத்தை, குன்னூர்ச் சரிவுகளில் பனிக்காலத்து விடியலில் கொழுந்துக்கூடையோடு நின்றவர்களே முழுதாய் உணர்ந்திருப்பார்கள்.

முதலாளி தானே மனமுவந்து கொடுப்பது வேறு. கொடுக்கக் கடமைப்பட்டுக் கொடுப்பது வேறு. நம் முன்னோர் இந்த வேற்றுமையை நன்கு அறிந்திருந்தனர். திருவள்ளுவர் ஈகை என்னும் அதிகாரத்துக்கு முன்னால் ஒப்புரவறிதல் என்று தனியே ஓர் அதிகாரம் வகுத்து வைத்தது தற்செயலான காரியம் அன்று. இரப்பவனுக்கு இரங்கிக் கொடுப்பதற்கு முன், உலகத்தோடு ஒத்து வாழ்பவன் செய்தே தீரவேண்டிய கடன் ஒன்று இருக்கிறது என்பதே அந்த வைப்புமுறையின் பொருள் என்று கொள்வதில் தவறில்லை. தமிழில் 'கடன்' என்னும் சொல்லுக்கு வாங்கிய பணம் என்பதும் பொருள். செய்யவேண்டிய தர்மம் என்பதும் பொருள். இந்த இரண்டு பொருளும் ஒரே இடத்தில் வந்து கூடிய ஒரு ஸ்தாபனத்தின் கதையே இந்த அத்தியாயம். அந்த ஸ்தாபனத்தின் முதலாளி வெள்ளைக்காரத் துரையும் அல்லர், கோயமுத்தூர்ச் செல்வரும் அல்லர், அரசாங்கமே.

*

கதையின் வேர் நீலமலையில் இல்லை. கடலுக்கு அப்பால் கண்டிச் சீமையில் இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதியில் காப்பித் தோட்டங்களுக்காகவும், 1869-க்குப் பின் இலைத்துரு நோய் பரவிக் காப்பி அழிந்துபோன பிறகு தேயிலைத் தோட்டங்களுக்காகவும், தஞ்சை, திருச்சி, மதுரை, இராமநாதபுரம், புதுக்கோட்டை, சேலம் ஆகிய ஜில்லாக்களின் வறண்ட கிராமங்களிலிருந்து கங்காணிமார் கூட்டிக்கொண்டு போன ஜனங்கள், அங்கே மூன்று நான்கு தலைமுறையாக லயங்கள் என்ற வரிசை வீடுகளில் பிறந்து, லயங்களில் மணந்து, தேயிலைத் தூரின் அடியிலேயே புதைந்து, அந்த நாட்டின் ஏற்றுமதிச் செல்வத்தின் பெரும்பகுதியைத் தங்கள் விரல்நுனியால் பறித்துக் கொடுத்தவர்கள். இலங்கைக்குச் சுதந்திரம் வந்த கையோடு, 1948-ம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் அவர்களில் மிகப் பெரும்பாலோரை எந்த நாட்டுக்கும் உரியவர் அல்லர் என்று ஆக்கிவிட்டது. அதைத் தொடர்ந்து வாக்குரிமையும் போயிற்று.

இந்த நாடற்ற ஜனங்களை என்ன செய்வது என்ற கேள்வியை இரண்டு அரசாங்கங்களும் பதினாறு ஆண்டுகள் ஒருவர் வாசலில் இருந்து மற்றொருவர் வாசலுக்குத் தள்ளிக்கொண்டிருந்துவிட்டு, 1964 அக்டோபர் 30-ந் தேதி டில்லியில் லால் பகதூர் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் ஓர் உடன்படிக்கையில் கையொப்பமிட்டனர். சுமார் 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பது. 3,00,000 பேரை இலங்கை ஏற்பது. மிச்சமுள்ள 1,50,000 பேரைப் பற்றிப் பின்னால் பேசிக்கொள்வது. பின்னால் பேசியபோது, 1974-ல், இந்திரா காந்தி அம்மையாரும் சிறிமாவோ அம்மையாரும் அந்த மிச்சத்தையும் ஆளுக்குப் பாதியாக, 75,000 வீதம், பிரித்துக்கொண்டனர். ஏழுக்கு நாலு என்ற விகிதத்தில் மனிதர் பிரிக்கப்பட்டபோது, எந்த ஏழில் தாம் அடங்குவோம், எந்த நாலில் அடங்குவோம் என்று அந்த மனிதரிடம் முன்கூட்டி ஒருவரும் கேட்கவில்லை. பின்னர் விண்ணப்பம் கோரியபோது பெரும்பான்மையோர் இலங்கைக் குடியுரிமைக்கே மனுச் செய்தனர் என்பது, கேட்டிருந்தால் என்ன விடை வந்திருக்கும் என்பதைத் தெளிவாகவே காட்டுகிறது.

உடன்படிக்கை கையொப்பமாகி இரண்டு மாதம் நிறைவதற்குள், அவ்வாண்டு டிசம்பர்ப் புயலில் தனுஷ்கோடி கடலுக்கு இரையானது. எந்தத் துறையில் பாட்டனார் கப்பலேறினாரோ அந்தத் துறை, பேரன் திரும்பி வருவதற்கு முன்பே இல்லாமற்போயிற்று. ஆயினும் மண்டபம் முகாம் மட்டும் இருந்தது. இலங்கைக்குப் போகும் கூலிகளைத் தடுத்து நிறுத்தி, நோய் பார்த்து, ஊசி குத்தி, பேர் பதிந்து அனுப்புவதற்காக அமைந்த அதே முகாமில், இப்போது தலைமன்னாரிலிருந்து இராமேசுவரத்துக்கு வந்திறங்கியவர்கள் தங்கள் பேரை மறுபடி பதிந்தனர். போவதற்கு ஒரு பதிவு, வருவதற்கு ஒரு பதிவு. இரண்டுக்கும் நடுவே நூறு ஆண்டு உழைப்பு.

அவர்கள் கையில் இருந்தவை இன்னவை என்று ஒரு ஜாபிதா எழுதினால் அது மிகச் சிறியதாகவே இருக்கும். ஒரு தகரப்பெட்டி, அதில் சில பித்தளைப் பாத்திரம், கோயில் விபூதி மடித்த காகிதம், தோட்டத்தில் வேலைக்காலத்துக்குக் கிடைத்த சேமநிதிப் பணத்தில் வாங்கிய ஏதாவது ஒரு சாமான்; எல்லாவற்றுக்கும் மேலாக, கண்டியிலிருந்த இந்தியத் தூதரகக் கிளை கொடுத்த குடும்ப அட்டை. குடும்பத் தலைவனையும் மனைவியையும் பிள்ளைகளையும் ஒரே படத்தில் நிறுத்தி ஒட்டிய அந்த அட்டையில், அவர்கள் தமிழ்நாட்டில் எங்கே போகவேண்டும், அங்கே என்ன உதவி கிடைக்கும் என்பது ஓரிரு வரியில் எழுதப்பட்டிருக்கும். அநேகருக்கு அந்த வரியில் எழுதப்பட்டது வியாபாரக் கடன். விடியற்காலையில் வேலை பிரிக்கும் பிரட்டுக் களத்துக்குப் போய்க் கணக்கப்பிள்ளை சொல்லும் மலைக்கு ஏறிக் கொழுந்து பறிப்பதன்றி வேறு தொழில் அறியாத, தராசின் தட்டில் தங்கள் கூடையை வைத்ததன்றித் தராசைத் தாங்கள் பிடித்தே இராத மனிதர்களுக்குப் பெட்டிக்கடை வைக்கப் பணம் கொடுத்து, முன்பின் பார்த்திராத ஒரு பாட்டன் ஊருக்கு அனுப்பினார்கள். கடை சில மாதம் நடந்தது. பிறகு முதல் கரைந்தது. பிறகு, குளிரும் மூடுபனியும் தேயிலை வாசமும் எங்கே இருக்கின்றனவோ அங்கே தங்களுக்கு ஏதாவது வேலை இருக்கும் என்ற ஒரே நம்பிக்கையில், அவர்கள் மலைகளை நோக்கி நடந்தார்கள். நீலகிரியில் இன்றும் 'சிலோன்காரர்' என்று அழைக்கப்படும் ஜனத்தொகையில் கணிசமான பகுதி இவ்வாறு தானாக ஏறி வந்தது. கண்டியில் இந்தியாக்காரர் என்று பேர் வாங்கியவர்கள் கோத்தகிரியில் சிலோன்காரர் என்று பேர் வாங்கினார்கள்.

*

இந்தச் சூழலில்தான் 1968-ல், வனத்துறையின் கீழ் அரசாங்கத் தேயிலைத் திட்டம் ஒன்று நீலகிரியில் தொடங்கப்பட்டது. அதன் உத்தேசம் ஒளிவுமறைவற்றது: தாயகம் திரும்பியோருக்கு அவர்கள் அறிந்த தொழிலையே கொடுத்து ஜீவனம் ஏற்படுத்துவது. அதே காலத்தில் கன்னியாகுமரிப் பக்கம் அரசாங்க ரப்பர்த் தோட்டங்களும் எழுந்தன; 1969-ல் தாயகம் திரும்பியோருக்கென்றே ரெப்கோ என்ற கூட்டுறவு வங்கியும் சென்னையில் ஏற்பட்டது. தேயிலைத் திட்டம் வளர்ந்து, 1975-ல் தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகம் என்ற பேரில் கம்பெனியாகப் பதிவாகி, 1976 முதல் தனியே இயங்கலாயிற்று. குன்னூரைத் தலைமையிடமாகக் கொண்டு, கோத்தகிரியிலும் நடுவட்டத்திலும் கூடலூர், பந்தலூர் வட்டாரத்துப் பாண்டியாறு, நெல்லியாளம், கொளப்பள்ளி, சேரங்கோடு, சேரம்பாடியிலும், ஆனைமலை வால்பாறையிலும் கிளை பரப்பி, நாலாயிரம் ஹெக்டேருக்கு மேற்பட்ட தேயிலையை உடைய 'டேன்டீ' என்னும் பெருந்தோட்டமாக அது நிலைபெற்றது.

தேயிலைத் தோட்டம் ஒன்றைப் புதிதாக உண்டாக்குவது எத்தகைய பிரயாசை என்பதைச் சமவெளிக்காரர் எளிதில் ஊகிக்க முடியாது. காட்டைத் திருத்தி, சரிவுக்குக் குறுக்கே நீர் வழிந்தோடக் கான் வெட்டி, நாற்றுமேடையில் ஓராண்டுக்கு மேல் வளர்த்த கன்றைக் குழியெடுத்து நட்டு, அட்டைக் கடியிலும் அடைமழையிலும் களை பறித்து, முதற் கவாத்துச் செய்து கிளையை அகலப்படுத்தி, மேசைபோல மட்டப்படுத்திய பிறகே, அதாவது நட்டு மூன்று நான்கு ஆண்டுக்குப் பிறகே, பேர்சொல்லும்படியான கொழுந்து கைக்கு வரும். அந்த ஆண்டுகள் முழுவதும் செலவே உண்டு, வரவு இல்லை. தனி முதலாளியானால் இந்தச் செலவை முதலீடு என்று எழுதுவான். இங்கே அது முதலீடாக மட்டும் இல்லை; நூறாண்டுக்கு முன்பே கொடுத்துத் தீர்த்திருக்கவேண்டிய ஒரு பாக்கியின் முதல் தவணையாகவும் இருந்தது.

ஹட்டனிலும் நுவரெலியாவிலும் பதுளையிலும் பறித்துப் பழகிய விரல்கள் அந்தப் புதுத் தோட்டங்களில் மறுபடி வேலை செய்யத் தொடங்கிய காட்சியைச் சற்றே அருகில் நின்று பார்ப்போம். இடுப்பில் படங்குச் சாக்கு, தலையில் முண்டாசு, முதுகில் கூடை. இரண்டு இலையும் நடுமொட்டும் என்ற கணக்கில் இரு கையும் ஒருசேரச் செடியின் மேல் ஓடி, உள்ளங்கை நிறைந்ததும் தோளுக்குப் பின்னால் வீசும். பார்வை கையில் இராது. அடுத்த நிரையில் நிற்பவளோடு பேச்சு நடந்துகொண்டே இருக்கும். நடுப்பகலில் நிறுவைக்கு வரிசை. கூடையின் எடைக்கு இவ்வளவு, மழைநாளானால் இலையில் நிற்கும் தண்ணீருக்கு இவ்வளவு என்று கழிவு போக மிஞ்சுவது ஏட்டில் ஏறும். நாலு கிலோவுக்கு மேல் பச்சைக் கொழுந்து சேர்ந்தால்தான் தொழிற்சாலையில் ஒரு கிலோ தூள் வரும் என்ற கணிதம் தெரியாத பெண் அந்த வரிசையில் ஒருத்தியும் இல்லை. கழிவில் அரைக் கிலோ கூடிப்போனால் முணுமுணுப்பு எழுந்துவிடும். தராசு எந்த நாட்டுத் தராசானாலும் அந்த முணுமுணுப்பின் பாஷை ஒன்றே.

டேன்டீ செய்த நன்மையைக் குறைத்துச் சொல்வது அநியாயமாகும். குறைந்தபட்சக் கூலி, சேமநிதி, பணிக்கொடை, போனஸ், பிரசவ விடுமுறை, மருந்தகம், பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம், தலைக்கு மேல் ஒரு கூரை என்று ஏட்டில் உள்ள சட்டம் தரையில் நடமாடிய இடங்களில் அதுவும் ஒன்று. இதன் அருமை, அதே கப்பலில் வந்திறங்கிப் பாதை பிரிந்துபோனவர்களின் கதியைப் பார்த்தால் விளங்கும். பழனிமலைக் காடுகளில் சீகை மரத்தின் பட்டை உரிக்கவும் விறகு வெட்டவும் ஒப்பந்தக்காரரிடம் முன்பணம் வாங்கிச் சிக்கிக்கொண்ட தாயகம் திரும்பிய குடும்பங்கள், 1976-ல் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்து ஆண்டுகள் பல கழிந்த பின்னும், வாங்கிய பணம் தீராமல், மலையிறங்க வழியில்லாமல் கிடந்ததை 1980-களில் வெளியுலகம் அறிந்தது. ஒரே குடும்ப அட்டை வைத்திருந்த இரண்டு சகோதரரில் ஒருவன் அரசாங்கத் தோட்டத்துத் தொழிலாளியாகவும் மற்றவன் பட்டை உரிக்கும் கொத்தடிமையாகவும் ஆகியிருக்கக்கூடும் என்றால், நடுவில் நின்றது விதி அன்று. ஒரு முதலாளி தன் கடனை உணர்ந்தானா இல்லையா என்ற ஒரே வேற்றுமைதான்.

*

ஆனால் கம்பெனிக்கு ஆத்மா ஒன்று, ஐந்தொகை ஒன்று என்று இரண்டு உண்டு. இரண்டும் எப்போதும் ஒரே பாஷை பேசுவதில்லை. கடன் தீர்ப்பதற்காகப் பிறந்த ஸ்தாபனம் கம்பெனிச் சட்டத்தின் கீழ்ப் பதிவான கணத்திலிருந்து, மற்றக் கம்பெனிகளைப் போலவே லாபநஷ்டக் கணக்கில் அளக்கப்படலாயிற்று. தேயிலைக்கு நல்ல விலை இருந்தவரை இதனால் தொந்தரவு தோன்றவில்லை. நீலகிரித் தூளைப் பெருவாரியாக வாங்கிக்கொண்டிருந்த சோவியத் யூனியன் 1991-ல் கலைந்ததும், அந்தத் தசாப்தத்தின் இறுதியிலிருந்து குன்னூர் ஏலத்தில் விலை சரிந்துகொண்டே போனதும், மலையிலிருந்த பெருந்தோட்டக்காரர், சிறு விவசாயி, அரசாங்கம் என்று எல்லோரையும் ஒரே அலையில் மூழ்கடித்தன. சிறு விவசாயிகளின் துயரத்தை இன்னோர் அத்தியாயத்தில் விரிவாகச் சொல்வோம். டேன்டீயைப் பொறுத்தவரை, நஷ்டம் வந்ததும் கேட்கப்பட்ட முதல் கேள்வி, இத்தனை தோட்டம் வேண்டுமா என்பது.

தேயிலை, இயற்கையில் செடி அன்று, மரம். வாரந்தோறும் கொழுந்தைக் கிள்ளியும் சில ஆண்டுக்கு ஒருமுறை கவாத்து வெட்டியும் மனிதன்தான் அதை இடுப்பளவில் நிறுத்தி வைத்திருக்கிறான். கை நின்றுவிட்டால் அது தன் சுபாவத்துக்குத் திரும்பி, ஆள் உயரம் தாண்டி, வெண்பூப் பூத்துக் காய்த்து நிற்கும். ஆட்குறைவாலும் பராமரிப்பின்மையாலும் பந்தலூர்ப் பக்கம் பல சரிவுகளில் தேயிலை இவ்வாறு மரமாகிப் போனதையும், அந்த மரங்களுக்கு நடுவே யானைகள் பகலிலும் நின்று இளைப்பாறுவதையும் அவ்வழியே போகிறவர்கள் காணலாம். 2022-ல், கழகத்தின் வசமிருந்த தோட்டங்களில் சுமார் 2,150 ஹெக்டேரை வனத்துறைக்கே திருப்பிக் கொடுப்பது என்று அரசாங்கம் முடிவு செய்தது. நிலம் முதலிலிருந்தே வனத்துறையிடம் குத்தகைக்குப் பெற்றதுதான். காடாக இருந்தது தோட்டமாயிற்று; தோட்டம் காடாகப் போகிறது. மரத்துக்கும் யானைக்கும் இது வீடு திரும்புதல். நடுவில் நின்ற மனிதனுக்கு?

இந்தக் கேள்வியை எழுப்பித் தொழிலாளர் கூட்டம் கூட்டினார்கள், உண்ணாவிரதம் இருந்தார்கள், கொடி பிடித்தார்கள். அவர்கள் அஞ்சியது கூலி போய்விடும் என்பதற்கு மட்டும் அன்று. கூலி போனால் கூரையும் போய்விடும் என்பதற்கே பெரிதும் அஞ்சினார்கள்.

*

இங்கே நாம் இந்த வரலாற்றின் முதுகெலும்பைத் தொடுகிறோம். காப்பிக் காலத்து மேஸ்திரி முதல் 1951-ம் ஆண்டுச் சட்டம் வரை, சட்டத்திலிருந்து டேன்டீ வரை, தோட்டத்து முதலாளி மாறிக்கொண்டே வந்திருக்கிறான், கூலி ஏறியிருக்கிறது, மருத்துவம் வந்திருக்கிறது, பள்ளிக்கூடம் வந்திருக்கிறது. மாறாமல் இருந்தது ஒன்றே: வீடு வேலையோடு கட்டப்பட்டிருந்தது. வேலை இருக்கும்வரை வீடு. வேலை முடிந்த அன்று வீடும் முடிந்தது. ஓய்வுபெறும் தொழிலாளி வீட்டைக் காலி செய்து சாவியைக் கொடுத்தால்தான் பணிக்கொடைப் பணம் கைக்கு வரும் என்ற வழக்கம் பல தோட்டங்களில் இருந்துவந்ததும், அதன்மேல் வழக்காடல்கள் நடந்ததும் மலையறிந்த செய்தி. ஆகவே, அறுபது வயதில் ஒரு தம்பதி செய்யக்கூடியது ஒன்றுதான்: மகனையோ மருமகளையோ, விருப்பமிருந்தாலும் இல்லாவிட்டாலும், அதே தோட்டத்தில் பேர் பதியவைத்து, அவர்கள் பேரில் அந்த வீட்டைத் தக்கவைத்துக்கொள்வது. கம்பளி கொடுத்தவனை வேண்டாமென்று சொல்லிவிட்டு நடக்கலாம்; கூரை கொடுத்தவனை அப்படிச் சொல்லமுடியாது. உபகாரம் என்ற பேரில் கொடுக்கப்பட்டது கயிறாகவும் பயன்பட்டது.

இது நம் மலைக்கு மட்டும் உரிய சிக்கல் அன்று. அமெரிக்காவில் ரயில்பெட்டி செய்து பெருஞ்செல்வம் சேர்த்த ஜார்ஜ் புல்மன், 1880-ல் சிகாகோவுக்கு அருகே தம் தொழிலாளருக்கென்று பூங்காவும் நூலகமும் செங்கல் வீடுகளுமாக ஓர் அழகிய நகரையே கட்டினார். பார்த்தவர்கள் எல்லோரும் தர்மப் பிரபு என்று போற்றினார்கள். 1893-ன் வியாபார மந்தத்தில் அவர் கூலியைக் குறைத்தார். வீட்டு வாடகையை மட்டும் குறைக்கவில்லை. மறு ஆண்டு மூண்ட வேலைநிறுத்தம் தேசத்தின் ரயில் போக்குவரத்தையே நிறுத்தி, பட்டாளத்தை வரவழைத்து, உயிர்ச் சேதத்தில் போய் முடிந்தது. 1898-ல் இல்லினாய்ஸ் மாகாணத்தின் உயர்ந்த நியாயஸ்தலம், கம்பெனி ஒன்று நகர் ஒன்றுக்கு உடைமையாளராக இருப்பது முறையன்று என்று கூறி, அந்தக் குடியிருப்பை விற்றுவிட உத்தரவிட்டது. ஏறக்குறைய அதே காலத்தில் இங்கிலாந்தில் சாக்லேட் வியாபாரியான ஜார்ஜ் காட்பரி, போர்ன்வில் என்ற குடியிருப்பைக் கட்டி, 1900-ல் அதைத் தம் கம்பெனியிலிருந்தே பிரித்துத் தனி அறக்கட்டளையிடம் ஒப்படைத்தார். அங்கே குடியிருப்பதற்கு அவருடைய ஆலையில் வேலை செய்யவேண்டும் என்ற நிர்ப்பந்தம் கிடையாது. புல்மன் கட்டிய வீடு மோசமானதன்று. ஒருவேளை காட்பரி கட்டியதைக் காட்டிலும் விலை உயர்ந்ததாகவே இருந்திருக்கலாம். வேற்றுமை செங்கல்லில் இல்லை. சாவி யார் கையில் என்பதில் இருந்தது.

இந்த அளவுகோலை எடுத்துக்கொண்டு நம் கழகத்தின் ஐம்பதாண்டுகளை அளந்து பார்த்தால், நியாயமான தீர்ப்பு இவ்வாறு அமையும்: அரசாங்கம் வேலை கொடுத்துக் கடனின் வட்டியை நாணயமாகச் செலுத்தி வந்தது, அசலைத் தொடவில்லை. திரும்பி வந்தவனுக்கு ஆதியில் இல்லாதிருந்தது வேலை மட்டும் அன்று, காலூன்ற ஒரு பிடி மண். உடன்படிக்கையின் மறுநாளே அவனுக்குப் பட்டா கொடுக்கப்பட்டிருந்தால், தோட்டம் லாபத்தில் ஓடினாலும் நஷ்டத்தில் ஓடினாலும் அவன் யாருக்கும் பயந்து மகனைக் கூடை தூக்க வைக்கவேண்டி இருந்திராது. 2022-ன் போராட்டத்துக்குப் பின், ஓய்வுபெற்ற தொழிலாளருக்கு வீடு கொடுக்கும் ஏற்பாட்டில் அவர்கள் செலுத்தவேண்டிய பங்குத் தொகையை அரசாங்கமே ஏற்கும் என்று அறிவித்தது, அசலைத் தொடும் முதல் முயற்சி என்று சொல்லத்தக்கது. ஐம்பத்தெட்டு ஆண்டு தாமதம் என்று குறை கூறுவது எளிது. தாமதமாகவேனும் கணக்குப் புத்தகத்தின் சரியான பக்கம் திறக்கப்பட்டது என்பதையும் எழுதிவைப்பது வரலாற்றாசிரியனின் கடன்.

லாபம் ஈட்டும் தனிக் கம்பெனிகளுக்கும் இதில் ஒரு பாடம் உண்டு. 2013-ம் ஆண்டின் கம்பெனிச் சட்டம், குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட பெரிய கம்பெனிகள் தம் சராசரி நிகர லாபத்தில் நூற்றுக்கு இரண்டு பங்கைச் சமூகப் பணிக்குச் செலவிடவேண்டும் என்று விதித்திருக்கிறது. நல்ல விதிதான். ஆனால் அது லாபத்தில் பங்கு கேட்கும் விதி. நஷ்டம் தொடர்ந்தால் அது வாய்மூடிவிடும். தோட்டத்து அனுபவமோ, முதலாளியின் கடன் உண்மையில் சோதிக்கப்படுவது நஷ்டம் வந்த ஆண்டில்தான் என்று காட்டுகிறது. பள்ளிக்கூடத்துக்கு வர்ணம் பூசிக் கல்வெட்டு நாட்டுவது ஈகையின் பாற்படும். தன் வேலையை நம்பிக் குடும்பத்தோடு மலையேறி வந்தவன், அந்த வேலை இல்லாமற் போகும் நாளில் எங்கே படுப்பான் என்பதை வேலைக்கு எடுக்கும் நாளிலேயே எண்ணிப்பார்ப்பது ஒப்புரவின் பாற்படும்.

*

இத்தனையும் சொன்ன பிறகு, கணக்கில் இன்னும் ஒரு பற்று எழுதப்படாமல் இருக்கிறது. திரும்பி வந்தவனுக்கு அரசாங்கம் கொடுத்த தோட்டம் எங்கிருந்து வந்தது? வெற்று நிலத்திலிருந்து வரவில்லை. சோலையும் புல்வெளியும் மூங்கிற்காடுமாக இருந்த அந்தச் சரிவுகளில், எந்த ஏட்டிலும் பேர் இல்லாமலே, பணியரும் காட்டுநாயக்கரும் முள்ளுக்குறும்பரும் தேன் எடுத்தும் கிழங்கு அகழ்ந்தும் தெய்வம் கும்பிட்டும் வாழ்ந்திருந்தார்கள். இலங்கையில் நாடிழந்தவனுக்குச் செலுத்தவேண்டிய கடனை, நீலகிரியில் காடிழந்தவனின் மடியிலிருந்து எடுத்துச் செலுத்தினோம். கொடுத்தவனுக்கும் தெரியாது, வாங்கியவனுக்கும் தெரியாது. எவனிடமிருந்து எடுத்தார்களோ அவனைக் கேட்கவும் இல்லை. ஏழுக்கு நாலு என்று ஜனங்களைப் பிரித்தபோது நடந்த அதே தவறு, நிலத்தைப் பிரித்தபோதும் நடந்தது.

அந்தக் காட்டு ஜனங்கள் கேட்கப்படாமல் இருந்ததோடு நிற்கவில்லை. 1988 டிசம்பரில் கூடலூர்த் தெருக்களில் அவர்கள் ஆயிரக்கணக்கில் திரண்டு நடந்ததும், பத்தாண்டுக்குப் பின் தாங்களே ஒரு தேயிலைத் தோட்டத்துக்கு உடைமையாளர் ஆனதும், தோட்டம் கைக்கு வந்த பிறகு கூலியையும் லாபத்தையும் எப்படிப் பங்கிடுவது என்று அவர்கள் தமக்குள்ளே நடத்திய விவாதமும் இந்த மலையின் வியாபார வரலாற்றில் வேறெங்கும் காணக்கிடைக்காத பக்கங்கள். சாவி தொழிலாளியின் கைக்கே வந்துவிட்டால் என்ன நேரும் என்பதை அடுத்த அத்தியாயத்தில் பார்ப்போம்.

(தொடரும்)